தொட்டுக்க என்ன இருக்கு?

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தண்ணிக்காக வருகிறார்கள். மீதிப் பாதியும் தண்ணிக்காகத்தான் வருகிறார்கள். இரண்டு தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு கூட்டம் தலையில் எண்ணெய் வடிய வரிசையில் நிற்கும். இன்னொரு கூட்டம் லாட்ஜ் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்து ஒரு கேள்வி கேட்கும்.

"ஏம்ப்பா, உக்காந்து ரெண்டு ரவுண்டு போட்டுட்டு, அப்படியே நல்லா சாப்புடற மாதிரி இடம் ஏதாவது இருக்கா?"

பையன் தலையைச் சொறிவான். அவன் மேல் தப்பில்லை. கேட்டது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. குடிக்க எங்கே போக என்றால் சொல்வான். சாப்பிட எங்கே போக என்றால் பத்து இடம் சொல்வான். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே எங்கே என்று கேட்டால், தென்காசி மாவட்டம் என்றில்லை, தமிழ்நாட்டில் முக்கால்வாசி ஊர்களில் தலையைத்தான் சொறிய வேண்டும். சென்னையிலும் கோவையிலும் நட்சத்திர ஹோட்டல் பப்களில் கிடைக்கும்தான். பில்லைப் பார்த்ததும் ஏறியது இறங்கிவிடும். பெங்களூர் போனால் தெருவுக்குத் தெரு கிடைக்கும். நம்முடைய சராசரி ஊரில்?

இந்த வாரம் அதைத்தான் கொஞ்சம் பேசலாம் என்று பார்க்கிறேன். நான் குடிப்பேனா மாட்டேனா என்பது இதற்குத் தேவையில்லாத விவரம். நன்றாகச் சாப்பிடுவேன். அந்தத் தகுதி போதும்.

முதலில் நம்ம ஊர் பாருக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம். இதுவரை போகாதவர்கள் வாசல் வரைக்கும் வந்தால் போதும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை. விட்டு விட்டு எரியும் ட்யூப்லைட். எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரை. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட். மேஜை மேல் சுண்டல், அவிச்ச முட்டை, மாங்காய்க் கீற்று, ஊறுகாய் பாக்கெட், ஆம்லெட். கொஞ்சம் பெரிய பார் என்றால் குடல், ஈரல், சாயம் போட்டுச் சிவக்க வைத்த சிக்கன். எல்லாவற்றிலும் அப்படி ஒரு காரம். தெளிவாக இருக்கிறவன் ஒரு வாய் வைத்தால் காது அடைத்துவிடும்.

அந்தக் காரத்துக்குக் காரணம் சொன்னவர் எங்கள் அத்தான். பெரியப்பா மகள் அக்காவைக் கட்டியவர், தென்காசிக்காரர். "அவன் போடுத காரம் நாக்குக்கு இல்ல மாப்ளே. கிளாசுக்கு. உப்பும் உறைப்பும் ஏறுனாத்தான் அடுத்த கிளாஸ் எறங்கும்" என்றார். அனுபவஸ்தர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் 'சைடு டிஷ்'. பெயரிலேயே தெரிகிறது பாருங்கள், ஓரமாக இருந்துகொள் என்று. தமிழில் தொட்டுக்க. தொட்டுக்கொள்வதற்கு நம்மைப்போல வகை கண்டுபிடித்த மக்கள் உலகத்தில் குறைவு. இட்லி ஒன்றுக்கே தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, சாம்பார், மிளகாய்ப்பொடி, நேற்று வைத்த மீன்குழம்பு. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சுண்ட வைத்த குழம்பு. அப்பேர்ப்பட்ட நாக்கு, பிராந்திக்குத் தொட்டுக்க என்று வரும்போது மட்டும் அவிச்ச முட்டையோடு நின்றுவிட்டது. ஏன்?

காரணம் சமையல்காரன் இல்லை. ஏற்பாடு அப்படி. டாஸ்மாக் 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக ஆரம்பித்த நிறுவனம். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கடையை ஒட்டிய பாரை நடத்துவது தனியார், டெண்டர் எடுத்து. ரொம்ப காலத்துக்கு அந்த டெண்டர் இரண்டு உரிமைகளைச் சேர்த்துக் கொடுத்தது. ஒன்று, தின்பண்டம் விற்பது. இன்னொன்று, காலி பாட்டில் சேகரிப்பது. ஈரல் வறுவலும் காலி பாட்டிலும் ஒரே காகிதத்தில்! அடுத்த டெண்டர் நமக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இருப்பவன், நல்ல மாஸ்டராகப் பார்த்து வைத்து, நல்ல எண்ணெய் வாங்கி, நாலு வருஷத்தில் பேர் எடுப்போம் என்று நினைப்பானா? வருகிறவனும் சாப்பாட்டுக்காக வரவில்லை. பக்கத்தில் கடை இருப்பதால் வருகிறான். சுண்டல் ஊசிப்போயிருந்தாலும் நாளைக்கும் வருவான். திரும்பி வருவானா என்ற பயம் இல்லாத இடத்தில் ருசி எப்படி வரும்?

இப்போது அங்கிருந்து கிளம்பி செங்கோட்டை ரோட்டில் வாருங்கள். பிரானூர் பார்டர்.

இந்த 'பார்டர்' இப்போது எந்த மாநிலத்துக்கும் எல்லை இல்லை என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அதனால் எல்லை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், பிரானூரில் இருந்தது. 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்து சேர, எல்லை புளியரைக்கு அந்தாண்டை மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் நகரவில்லை. இன்றைக்கு அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டிருப்பது பரோட்டா. பார்டர் பரோட்டா, ரஹ்மத் கடை என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்தப் பேரைப் பார்த்து எத்தனையோ ஊரில் பார்டர் கடைகள் வந்துவிட்டன. எந்த எல்லை என்று யாரும் கேட்பதில்லை!

அருவியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனுடைய பசி தனிப் பசி. எலும்பு வரைக்கும் குளிர்ந்து, வயிறு சுத்தமாகக் காலியாகி, எதைக் கண்டாலும் தின்னத் தோன்றும். அந்தப் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தால், உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் பரோட்டா. பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிஷம் ஊறவிட வேண்டும். பக்கத்தில் மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி, பொரித்த காடை. எட்டு, பத்து என்று கணக்கு தப்பிப்போகும். சீசனில் இடம் பிடிப்பதற்கு, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நிற்கிறவர்களைப் பாருங்கள். கைக்குழந்தையோடு ஒரு அம்மா. மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த மொத்தக் குடும்பம். கல்லூரிப் பையன்கள். நடுவில், கண் லேசாகச் சிவந்து, எச்சரிக்கையாக நடந்து வருகிற நாலு பேர்.

அந்த நாலு பேருக்கும் அதே பரோட்டாதான், அதே சால்னாதான். கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டருக்கு யார் போட்டுவிட்டு வந்தவர், யார் போடாதவர் என்று தெரியாது. அவர் அந்தக் கைக்குழந்தையின் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் வீசுகிறார். அதனால்தான் நன்றாக இருக்கிறது. குடிக்காதவரை நம்பி நடக்கிற கடையில் குடித்தவருக்கும் நல்ல சாப்பாடு கிடைக்கிறது.

சரி, குடியும் நல்ல சாப்பாடும் சேரவே சேராதா? சேரும். புளியரை தாண்டி மலை ஏறுங்கள். ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர். ரயிலில் போனால் பதிமூணு கண் பாலம் வழியாகப் போகலாம். 1904-ல் ஓட ஆரம்பித்த மீட்டர் கேஜ் பாதை, 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. காரில் போனால் மட்டும் ஒரு நிபந்தனை. வண்டி ஓட்டுகிறவருக்குக் கறி மட்டும். அந்த வளைவுகளில் விளையாட்டு வேண்டாம்.

அந்தப் பக்கம் இறங்கியதும் ரோட்டோரத்தில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று எழுதியிருக்கும். 'ஷாப்பு' என்பார்கள். உள்ளே போனால் பெஞ்சும் டெஸ்க்கும். ஆனால் மணம் வேறு. குடம்புளி போட்டுக் கொதித்த மீன் கறி, தேங்காய்ச் சில்லு போட்டுப் பிரட்டிய மாட்டிறைச்சி, வேகவைத்து மசித்த கப்பை. நம்ம ஊர் மரச்சீனிக்கிழங்குதான். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பயிரிட வைத்த கிழங்கு, பஞ்ச காலத்தில் ஏழை வயிற்றை நிரப்பியது. இன்றைக்கு ஷாப்பு மேஜையில் மீன் கறிக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இன்னும் வடக்கே, ஆலப்புழை, எறணாகுளம் பக்கம் போனால் சில ஷாப்புகளில் குடும்பத்துக்கென்று தனி அறையே உண்டு. கள்ளைத் தொடாமல் வாத்துக்கறிக்கும் கரிமீனுக்கும் மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

அங்கே மட்டும் எப்படி? கொஞ்சம் யோசித்தால் கணக்கு புரியும். கள் காலையில் இறக்கியது. நேரம் ஆக ஆகப் புளிக்கும். கிடங்கில் பூட்டிவைத்து ஆறு மாதம் கழித்து விற்க முடியாது. இந்த ஷாப்புக் கள்ளுக்கும் அடுத்த ஷாப்புக் கள்ளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம் எதை வைத்து ஆளை இழுப்பது? கறியை வைத்துத்தான்! அதனால் அடுப்படி முக்கியமாகிவிட்டது. இன்னொன்று, கள்ளின் வீரியம் ஏறக்குறைய பியர் அளவு. நம்ம பிராந்தி 42.8 சதவீதம். கள்ளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒன்றரை மணி நேரம் உட்காருவான், பேசுவான், சாப்பிடுவான். குவார்ட்டரை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவான். நின்றுகொண்டே முடிப்பவனும் உண்டு. பதினைந்து நிமிஷக் குடிக்கு ஊறுகாய் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும்.

கேரளாவில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கலப்படக் கள் வழக்குகள் அங்கேயும் உண்டு. 2000-ல் அதே கொல்லம் மாவட்டத்தில் கல்லுவாதுக்கல்லில் விஷச் சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நான் சொல்வது அடுப்படியைப் பற்றி மட்டும்.

லண்டனிலும் இதே கதைதான். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு, எவ்வளவு நல்ல பெயர்! ஆனால் ரொம்ப நாளாக அந்தப் பொது வீட்டில் சாப்பாடு என்றால் சிப்ஸ் பாக்கெட், ஆறிப்போன பை, அவ்வளவுதான். 1991-ல் இரண்டு பேர் சேர்ந்து 'தி ஈகிள்' என்ற ஒரு பழைய பப்பை எடுத்து, வாடிக்கையாளர் கண்ணுக்கு முன்னாலேயே அடுப்பை வைத்து, அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதைச் சமைத்து, கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். 'கேஸ்ட்ரோ பப்' என்று ஒரு புது வார்த்தையே அதிலிருந்து பிறந்தது. அதிசயம் ஒன்றும் செய்யவில்லை. ஓரத்தில் இருந்த தட்டை நடுவுக்கு நகர்த்தினார்கள்.

நமக்கு இது இங்கிலாந்து சொல்லித் தர வேண்டிய விஷயமும் இல்லை. நம்ம ஆற்றுப்படை நூல்கள் என்ன? வழியில் பார்த்த பாணனிடம், 'இந்தப் பக்கமாகப் போ, இன்ன ஊரில் இன்னது தருவார்கள்' என்று இன்னொரு பாணன் சொல்வது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் அப்படித்தான் ஊர் ஊராகக் கூட்டிப்போகிறார். கடற்கரையில் எயிற்பட்டினம் போனால் பரதவர் வீட்டில் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும். உள்ளே ஆமூர் போனால் வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய 'எங்கே சாப்பிடலாம்' பட்டியல்! அதில் கள் வருகிற இடத்தில் மீனும் கூடவே வருகிறது. சைடு டிஷ்ஷாக இல்லை, விருந்தாக.

நடுவில் அறுந்துபோனது எங்கே? 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க. 1971-ல் கடைகள் திறந்தன. 1974-ல் மூடின. 1981-ல் கள்ளும் சாராயமும் திரும்பத் திறந்தன. 1987 ஜனவரியில் மூடின. மூடியது சரியா, திறந்தது சரியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சமையல் பக்கம் நின்று ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு கடைக்கு ஒரு ருசி படிய அப்பா, மகன் என்று இரண்டு தலைமுறை வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பூட்டுகிற இடத்தில் எந்த மாஸ்டர் மகனைக் கொண்டுவந்து நிறுத்துவான்?

ராஜாஜி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வீடு இருந்தது. ராஜாஜி வருவார், கல்கி வருவார், இன்னும் யார் யாரோ வருவார்கள். கவிதை, கம்பன், சிரிப்பு, நடுநடுவே இட்லி. டி.கே.சி. வீட்டு உபசாரத்தைப் பற்றி எழுதாத விருந்தாளி குறைவு. 1954-ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. வெள்ளைக்காரன் பப்பில் எதைத் தேடிப் போகிறானோ, அதாவது உட்கார இடம், பேச ஆள், சாப்பிடச் சுவை, அது மூன்றும் அங்கே ஒரு சொட்டு மது இல்லாமல் கிடைத்தது. மனிதன் தேடுவது அந்த மூன்றையும்தான் என்று நினைக்கிறேன். அது கிடைக்காதபோதுதான் பாட்டில் மட்டும் மிஞ்சுகிறது.

இப்போது அத்தானைப் பற்றிச் சொல்கிறேன்.

இருபது வருஷம் குடித்தார். சண்டை போடமாட்டார், ரோட்டில் விழமாட்டார், கௌரவமான குடி. கடை முடிந்ததும் பாருக்குப் போவார். ஒரு ஊறுகாய் பாக்கெட், கொஞ்சம் மிக்சர். வீட்டுக்கு வரும்போது பத்தரை ஆகும். அக்கா சோறு போட்டு, குழம்பு ஊற்றி, இன்னொரு தட்டால் மூடிவைத்திருப்பாள். "சாப்ட்டியளா?" என்பாள். "வேண்டாம், பசிக்கல" என்பார். காலையில் அந்தச் சோறு நாய்க்குப் போகும். இருபது வருஷமாக ராத்திரி தவறாமல் மூடிய தட்டு, காலை தவறாமல் நாய். அக்கா வைக்கிற அயிரைமீன் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும்.

ஒருநாள் ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில் இருபது நாள். எழுந்து வந்தபோது முப்பது வயசு கூடினவர் மாதிரி இருந்தார். "குடிச்சது பாதி கெடுத்துச்சு மாப்ளே, திங்காம குடிச்சது மீதியைக் கெடுத்துச்சு" என்றார். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஈரல் தப்பித்துவிடும் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் போதை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அவர் சொன்னதை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். இருபது வருஷமாக அவர் பெண்டாட்டியோடு உட்கார்ந்து ஒரு வேளை ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. பாருக்குள் அக்கா போக முடியாது. பாரிலிருந்து வந்த பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்காது. நல்ல சாப்பாடும் குடியும் வேறு வேறு கூரைக்குக் கீழே இருப்பதன் விலை அதுதான். ருசி போனது சின்ன நஷ்டம்.

இப்போது அத்தான் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை அக்காவைக் கூட்டிக்கொண்டு பார்டருக்குப் போகிறார். அவருக்கு எண்ணெய் ஆகாது. இரண்டு பரோட்டாவோடு நிறுத்திக்கொண்டு, அக்கா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே, அந்த லாட்ஜ் பையன் சொல்ல முடியாததை நான் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், பாட்டில் இருக்கிற கடையோ இல்லாத கடையோ, மூன்றே விஷயம் பாருங்கள். அடுப்பு கண்ணுக்குத் தெரிகிறதா? "இன்னிக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால் "எல்லாம் இருக்கு" என்கிறார்களா, நாலே நாலு பேர் சொல்கிறார்களா? எல்லாம் இருக்கு என்றால் எதுவும் இன்றைக்குச் செய்ததில்லை. மூன்றாவதுதான் முக்கியம். குடிக்காத ஒரு ஆள், முடிந்தால் ஒரு பெண், அந்தச் சாப்பாட்டுக்காகவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாரா?

இருந்தால் தைரியமாக உட்காருங்கள். இல்லையென்றால் வீட்டில் ஒரு தட்டு மூடியிருக்கும். ஆறுவதற்குள் போய்விடுங்கள்.